வெறுந்தேத்தண்ணி

ஆறு மணி நாடகம் ஆறுக்குத் தொடங்குமெண்டு
அழைப்பிதழை நம்பி வந்தது
நானும், மைக் கட்டுற பெடியனும்,
கதிரைக்குக் கீழே சுருண்ட ஒரு நாயும்.

பிரதம விருந்தினர் கச்சேரியடியிலாம்.
பத்து நிமிசத்தால கேட்டால்
இன்னும் கச்சேரியடியிலாம்.

ஏழரைக்குக் குத்துவிளக்கு.
ஐஞ்சு திரிக்கு ஐஞ்சு பிரமுகர்.
ஃபானைப் போட்டால் சுடர் அணையுது,
நிப்பாட்டினால் பிரமுகர் நனையினம்.
கொழும்புத்துறைக் கடற்காத்து
யன்னலுக்கு வெளியில நிண்டு பார்த்திட்டுப் போச்சு.

எனக்கு நாடகமெண்டால் ஒரு ஒழுங்கு வேணும்.
கச்சான் கோது உடைக்கிற ஆளை
ஒருக்காத் திரும்பிப் பார்ப்பன்.
இரண்டாந்தரம் கண்ணாடியைக் கழட்டிப் பார்ப்பன்.
பிந்தி வந்து என்ர பெருவிரலை மிதிச்சு
"ஆரோ காலை நீட்டி வைச்சிருக்கினம்" எண்டு
என்னையே பேசிப்போன மனுசிக்கு
அடுத்த கிழமை வங்கி வரிசையிலயும் நான் சிரிக்கேல்லை.
இருட்டுக்குள்ள ஒரு முகம்
போன் வெளிச்சத்தில நீலமாய் மிதந்தால்
மேடையில அரசன் செத்தாலும் எனக்குத் தெரியாது.
அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பன்.

திரை விலகிச்சுது, பாதியில இறுகி, பிறகு விலகிச்சுது.
தொண்ணூறுகளில ஒரு இரவு. கரண்ட் இல்லாத வீடு.
ஒரு மேசை. ஒரு ஜாம் போத்தல்.
டிலக்சன் தகப்பனாய் வாறான்,
இருபது வயசு, பசையில நிக்கிற மீசை.
எண்ணெய்க் கானைச் சரிக்கிறான்.
மண்ணெண்ணெய் வேசம் போட்ட வெறுந்தேத்தண்ணி
களகளவெண்டு
போத்தலின்ர கழுத்துமட்டும் ஏறுது.
பின்னால ஒரு வயலின் அழுது.

சனம் மூச்சுக் காட்டேல்லை.
சபையெண்டால் இப்பிடி இருக்கவேணும் எண்டு
நான் கதிரையில சாஞ்ச நேரம்
முன்வரிசையில ஒரு சிரிப்பு.
முதல் வாயைப் பொத்தி, விரலிடுக்கால வழிஞ்ச சிரிப்பு.
பிறகு பொத்தவுமில்லை.
"எடேய், உவ்வளவு எண்ணெய் இருந்திருந்தால்
நாங்கள் ஏன்ரா அழுதனாங்கள்?"

"உஷ்!"
நான்தான். எழும்பி நிண்டே சொன்னன்.
"இருங்கோ, மறைக்குது" எண்டு
பின்னாலயிருந்து எனக்கொரு உஷ்.

திரும்பினது கொய்யாத்தோட்டத்து ஜெசிந்தா.
என்னோட ஒரே வருசம் ஓ.எல். எழுதினவள்.
ஒண்டும் பேசேல்லை.
போத்தலைக் கண்ணால காட்டினாள்.

அடியில கொஞ்சம் பஞ்சு.
பஞ்சு நனையுமட்டும்தான் எண்ணெய்.
தேத்தண்ணிக் கரண்டியால அளந்து விட்டு
கரண்டியில ஒட்டினதைத் திரியில துடைக்கிறது.
சமன்பாட்டின்ர இடப்பக்கம் எழுதி முடிய
விளக்கு நூரும்.
வலப்பக்கம் அடுத்தநாள் வெயிலில.
அதெல்லாம் என்ர கையால செய்தது.
இவ்வளவு நேரமும் மேடைக்கு நேரே இருந்தும்
அந்தப் போத்தலை நான் பார்க்கேல்லை.
கச்சான் கோது எங்க உடையுதெண்டு
காது குடுத்துக்கொண்டிருந்தனான்.

டிலக்சன் நிண்டிட்டான்.
பக்கத்திரைக்குள்ளயிருந்து ஆரோ வசனம் எடுத்துக் குடுக்கினம்,
அவன் வாங்கேல்லை.
போத்தலைத் தூக்கி, கானின்ர வாயில வைச்சு,
ஒரு சொட்டும் சிந்தாமல் திருப்பி ஊத்தினான்.
விரற்கடை அளவு மிஞ்சினதும்
முன்வரிசையைப் பார்த்தான்.

"இன்னும்" எண்டாள் ஜெசிந்தா.

இன்னும் கொஞ்சம் ஊத்தினான்.

"ம்."

நரைச்ச தலையெல்லாம் கைதட்டிச்சுது,
காட்சி முடிய முன்னமே, முறைகேடாய்.
நாடகம் முடிஞ்சுதாக்கும் எண்டு
பிரதம விருந்தினர் சால்வையோட எழும்பினார்.
"இருங்கோ, மறைக்குது."

நானும் தட்டினனான்.

முன் கதிரைக்கு மேலால
ஒரு கடதாசிச் சுருள் நீண்டுது.
இரண்டு கச்சான் எடுத்தன்.
சத்தம் வராமல் கோது உடைக்க
ஒரு வழியும் இல்லை.
எல்லா விதமாயும் உடைச்சுப் பார்த்தன்.