உபவிதி: தமிழ்ப் பிரதி

பழைய விதியில் கால்வாய் ஓரம் ஆறரை மீற்றர்.
புதியதில் பத்து.
கந்தோரில் என் வேலை தமிழாக்குவது மட்டும்.

‘நீரின் விளிம்பிலிருந்து’ என்று எழுதி நிறுத்தினேன்.
எந்த நாளின் விளிம்பு?
மாசி வெயிலிலா, ஐப்பசி அடைமழையிலா?
பொறியியலாளர் சிரித்தார்:
“கோடு வரைபடத்தில இருக்கு, தம்பி.”

மத்தியானம் சோற்றுப் பார்சலோடு
கிருலப்பனைக்கு நடந்தேன்.
கோடு இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு கபரகொய்யா
வயிறு பரத்தி வெயில் காய்ந்தது.
அதற்குப் பின்னால் ஜெஸீமாவின் குசினி.
சுவரில், இடுப்பளவில்,
போன வெள்ளம் விட்டுப்போன மண்ணிறக் கீறல்.
அதற்கு மேலேதான் கலண்டர்.
“இதுக்குக் கீழ ஆணி அடிக்கிறல்ல,” என்றா.
பிறகு, அடுப்பைப் பார்த்தபடி:
“எங்கட ஊடு கோட்டுக்கு உள்ளுக்கா, வெளியயா?”

எதிர்க்கரையில் கலியாண மண்டபம்.
தூண்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன.
அதற்கென்று ஓர் உபபந்தி இருக்கிறது:
‘ஏலவே அனுமதி பெற்றவை நீங்கலாக.’
அந்த வரியைத் தமிழாக்க
எனக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை.

பின்னேரம் விளிம்பை அழித்து எழுதினேன்:
‘நீர் கடைசியாக வந்துநின்ற இடத்திலிருந்து.’
சிவப்பு மையில் வெட்டுப்பட்டுத் திரும்பியது.
மூலத்தில் இல்லை.
மூலத்தில் இல்லைதான்.

இரவு முழுக்க மழை.
காலையில் பஸ் பாலத்தில் இழுபட்டு நிற்க
எட்டிப் பார்த்தேன்.
மண்டபத் தூண்களில் இரண்டு சாண் ஏறியிருந்தது.
நேற்றைய இடத்தில் கபரகொய்யா இல்லை.
ஜெஸீமாவின் மதில்மேல் கிடந்தது,
வாலை மட்டும்
தண்ணீர்ப் பக்கம் தொங்கவிட்டு.