முழங்கை ஆழம்

நியுவாஃபோ தீவில்
மலாவ் பறவை அடைகாப்பதில்லை.
ஏரிக்கரைச் சாம்பலைக் கீறிக் குழி பறித்து
முட்டையிட்டு மூடிவிட்டு
ஒருமுறைகூடத் திரும்பிப் பாராமல் போய்விடும்.
மிச்சத்தை மலை பார்த்துக்கொள்ளும்.

உனாலோதோ முழங்கைவரை கைவிட்டுப் பார்ப்பாள்.
சுட்டுப் பிட்ட கிழங்கின் சூடு இருந்தால்
ஒன்றை எடுப்பாள், ஒன்றை விடுவாள்.

கடலடியிலிருந்து எழுந்து வந்த மலை.
தலை எப்போதோ உள்ளே இடிந்து விழுந்தது;
விழுந்த பள்ளத்தில் மழை தேங்கி ஏரியானது.
மேலிருந்து பார்த்தால் வளையல்,
அதுவும் விரிசல் விட்டது.
நெருப்பு பெரும்பாலும் நடுவில் வராது.
விளிம்போரம், ஆள் குடியிருக்கும் பக்கமாகத்
தையல் பிரியும்.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்து மூன்றில்
அஹாவ் என்றோர் ஊர் போயிற்று, ஆட்களோடு.
அடுத்த நூற்றாண்டின் இருபத்தொன்பதில்
ஃபூட்டு, கப்பல் வந்து நின்ற துறை,
குழம்பாய்க் கடலில் இறங்கிக் கல்லாயிற்று.
நடுவில் நடந்தவற்றுக்கு யாரும் தேதி சொல்வதில்லை.
எந்தக் கரும்பாறையில்
இன்னும் தென்னை பிடிக்கவில்லை என்று
கைநீட்டிக் காட்டுவார்கள்.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பதாக
நாம் சும்மா சொல்வோம்.

நாற்பத்தாறு, செப்டம்பர்.
விரலுக்கு மேல் கை உள்ளே போகவில்லை.
பறவை ஒன்றுகூட இல்லை.
குச்சியால் கிளறி எடுத்த முட்டை
உள்ளேயே வெந்திருந்தது.
உரித்துத் தின்றாள்.
உப்புதான் இல்லை என்று
புருஷன் ஃபலாகிகோவிடம் வந்து சொன்னாள்.

அன்றிரவு ஆங்காஹாவில் தரை வாய் திறந்தது.
தபாலாபீஸ், கொப்பரைக் கிடங்கு,
தந்திக் கம்பம், அதன் நிழல்.
மேட்டில் ஏறி நின்று ஆட்களை எண்ணினார்கள்.
எண்ணிக்கை சரியாக இருந்தது.
நம்பாமல் மறுபடி எண்ணினார்கள்.

டிசம்பரில் கப்பல் வந்தது.
எவுவா தீவில் நிலம் கொடுத்தார்கள்.
கூரை போட்டதும்
பழைய ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள்.
எரிந்த ஆங்காஹா அங்கே
எரியாமல் இருந்தது.
நல்ல மண். கிழங்கு தொடைப்பருமன்.
ஒருநாள் அதில் முழங்கைவரை கைவிட்டாள் உனாலோதோ.
சில்லென்றது.
வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்,
பிணத்தைத் தொட்டவள்போல.

பன்னிரண்டு வருஷம் கழித்துச் சிலர் திரும்பினார்கள்.
ஃபலாகிகோ வரவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கிப் பழகிவிட்டேன் என்றான்.
அவள் தனியாகப் படகேறினாள்.

தபாலாபீஸ் இருந்த பாறையில் ஒரு பெரணி.
ஏரிக்கரையில் புதிதாய்க் கீறிய குழிகள்,
யார் வந்து சொன்னார்களோ பறவைகளுக்கு.
மண்டியிட்டாள்.
முதலில் உள்ளங்கை, பிறகு மணிக்கட்டு.
இந்தத் தடவை
இடுப்பில் உப்பு முடிந்திருந்தாள்.