உப்பின் பங்கு

சீனன்குடாவிலிருந்து பஸ்ஸில்
ஐஸ் பெட்டியை மடியில் வைத்தபடி
பஸ்மில் வந்து சேர்ந்தபோது பத்தரை.
போன கிழமை எடுத்த அதே வாய்க்கால், அதே இரண்டு போத்தல்.
மூடி திறந்ததும்
சூரை மீனின் குடல் அறைக்குள் எழுந்து நின்றது.
"மிஸ், இது மீன் கழுவின தண்ணியில்ல,
மீனேதான்."

எங்கள் பாடப்புத்தகத்தில் இந்தச் சோதனையின் பெயர்
இரசாயன ஒட்சிசன் கேள்வி.
மொழிபெயர்த்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.
பொருளியல் வகுப்பில் கேள்விக்கு எதிர்ச்சொல் விடையல்ல,
நிரம்பல்.
எனக்கு அப்போதே அது பிடித்திருந்தது.

போன கிழமை வந்த கணக்கு ஆயிரத்து முந்நூற்றுப் பத்து.
அறிக்கை போன மறுநாளே
மனேஜர் மெல்கியோர் அழைத்தார்:
"தங்கச்சி, நாங்கள் நிலம் கழுவுறது கடல் தண்ணியில.
நீங்கள் அளந்தது எங்கட ஊத்தையை இல்லை,
கொட்டியாரக் குடாவை."

கோபம் வந்தது.
கொஞ்சம் பிந்தி,
அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி என்பதும் வந்தது.

செம்மஞ்சள் இருகுரோமேற்றுக்கு நாக்கில்லை.
குடலை எரிக்கும், கொழுப்பை எரிக்கும்,
கடல் கொண்டுவந்த குளோரைட்டையும் எரிக்கும்,
எரித்ததையெல்லாம் ஒரே பற்றில் எழுதும்.
உதவிக்கென்று போட்ட வெள்ளியோ
உப்பைக் கண்டதும் தயிராய்த் திரைந்து
அடியில் இருந்துவிடும்,
பரிமாற வந்தவன் பந்தியில் குந்தியதுபோல.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
என் குடுவையில் தின்றது அமிலம்,
குடிக்கச் சொல்லி நான் கடிதம் அனுப்பியது மெல்கியோருக்கு.

உப்பின் வாயைக் கட்ட
என்னிடம் உள்ளது பாதரச சல்பேற்று.
குளோரைட்டின் நிறைக்குப் பத்து மடங்கு.
மாதிரியை ஐந்தில் ஒன்றாக ஐதாக்கினேன்,
நஞ்சு கொஞ்சம் மிஞ்சட்டும் என்று.
(ஐதாக்கினால் என் கைப்பிழையும் ஐந்தால் பெருகும்.
அது வேறு கவலை.)
முதலில் தூள். பிறகு மாதிரி. சுழற்றிப் பொறு.
அமிலம் கடைசியில்.
வரிசை பிசகினால் உப்பு முந்திக்கொள்ளும்.

நூற்றைம்பது பாகையில் இரண்டு மணித்தியாலம்.
கரண்ட் போகாமலிருக்க வேண்டும்.
யன்னலுக்கு வெளியே, வேலிக்கரையில்,
ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று
பஸ்மில் கழுவிக் கவிழ்த்த ஐஸ் பெட்டியை
நக்கிக்கொண்டிருந்தது, கண்ணை மூடி.
அதற்கு வேண்டியது
நான் வேண்டாம் என்பது.

ஆறவிட்டு நியமித்தேன்.
அளவியிலிருந்து துளி துளியாய்.
நீலப்பச்சை, நீலப்பச்சை, இன்னும் நீலப்பச்சை,
ஒரு துளியில் செங்கபிலம்.
மூன்று முறை.
நானூற்று அறுபது.

அழைத்தேன்.
"கடலின் பங்கைக் கடலிடம் கொடுத்துவிட்டேன்.
மிச்சம் உங்களுடையது.
எல்லைக்கு இன்னும் மேலேதான்."
மறுமுனையில் குழாய்த் தண்ணீர்
நிலத்தில் விழும் சத்தம்.
யாரையோ அதை நிப்பாட்டச் சொன்னார்.
"சரி" என்றார். பிறகு, "மெய்யாவே அவ்வளவா?"

குடுவைகளை வடித்த ஜாடி மேசைக்குக் கீழே இருக்கிறது.
பழுப்புக் கண்ணாடி, இரட்டை மூடி,
என் கையெழுத்தில் பாதரசம், தொடாதே.
இதோடு ஏழாவது ஜாடி.
ஒரு வாய்க்காலின் அழுக்கை அறிய
அந்த வாய்க்கால் ஒருநாளும் கண்டிராத அழுக்கு.

"இதெல்லாம் எங்க போகும், மிஸ்?"
ஐஸ் பெட்டியை ஈரத்தோடு தூக்கியபடி பஸ்மில்.

கொழும்புக்கு எழுதியிருக்கிறது என்றேன்.
நாலாவது கடிதம்.
அவன் தலையாட்டினான், நம்பியவன்போல அல்ல,
கிண்ணியா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவன்போல.

பதிவேட்டில் திகதி போட்டேன்.
கேள்வி என்ற நிரலில்
460.