நிற்க வைத்த இடம்

மகனைக் காட்டத்தான் போனோம்.
பழுது அவனிடம் என்றுதான் பள்ளிக்கூடமும் சொன்னது.
மூன்று மாதமாகப் பேச்சில்லை,
பகலில் தூக்கம், ராத்திரி முழுக்க விழிப்பு,
தட்டில் வைத்த மீன் தட்டிலேயே.
"எல்லாரும் வாங்க" என்றார் ஷகிலா பானு.
எல்லாருக்குமா சீக்கு, என்றேன்.
"எல்லாருக்கும் நாற்காலி இருக்கு."

மஞ்சக்குப்பத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
கீழே மிஷின் யாருடைய பட்டாவையோ
நகல் எடுத்துக்கொண்டே இருந்தது.
ஊசி மருந்து எதுவும் கண்ணில் படவில்லை.
ஒரு மணி நேரம், ஐந்நூறு ரூபாய்.
அந்த நேரத்தில் துறைமுகத்தில்
ஒரு இன்ஜெக்டரைக் கழற்றி மாட்டிவிடுவேன்.

யாரும் பேசவில்லை.
அந்த அம்மாவும் அவசரப்படவில்லை.
அப்புறம் சின்னவளிடம், ஒன்பது வயது மோனிஷாவிடம்:
"உங்க வீட்டை இந்த ரூம்ல நிக்க வெச்சுக் காட்டுறியா?
பேச வேணாம். ஆளுங்கள வெச்சாப் போதும்."

அவளுக்கு விளையாட்டு.
அம்மாவை இழுத்துப்போய் ஜன்னலோரம், முகம் வெளியே.
பிறகு கோகிலத்தின் கழுத்தைத் தொட்டு
அண்ணன் பக்கம் திருப்பினாள்,
முழுசாக இல்லை, பாதி.
அண்ணன் மூலையில், முதுகு சுவரோடு, கையில் போன்.
நான் கதவில்.
"உள்ள வரேனா, வெளிய போறேனா?"
யோசித்தாள்.
"ஒரு கால் வெளிய."
வாசலில் கிடந்த என் செருப்பில் ஒன்றை எடுத்துவந்து
மாட்டியும் விட்டாள்.

"நீ எங்க?"
நடு அறைக்குப் போனாள்.
ஒரு கையை அம்மாவுக்கும் ஒரு கையை எனக்கும் நீட்டினாள்.
எட்டவில்லை. இறக்கவும் இல்லை.
படகும் படகும் உரசாமல் இருக்க
நடுவில் பழைய டயர் கட்டித் தொங்கவிடுவோம்.
நான் வேறு எங்கோ பார்த்தேன்.

"அங்க நிக்க எப்படி இருக்கு?"
என்னைத்தான்.
"கால் வலிக்குது" என்றேன்.
மூலையில் ஒரு சத்தம்.
கீர்த்திவாசன் சிரித்திருந்தான், மூக்கால், ஒரே தடவை.
மூன்று மாதத்தில் முதல் சத்தம்,
அதுவும் என் செலவில்.

"எத்தனை நாளா வலிக்குது?"
காலையிலேர்ந்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"இவன் பொறந்ததிலேர்ந்து" என்றது வாய்.
"எங்கப்பா வீட்டுல உக்காந்து நான் பாத்ததில்ல.
கடல்ல இருப்பாரு, இல்ல கடையில.
வீட்டுக்குள்ள ஒரு ஆம்பள எங்க உக்காருவான்னு
யாரும் காட்டல."
அந்த அம்மா ஆறுதல் சொல்லவில்லை.
"யாரும் காட்டல" என்று மட்டும் திருப்பிச் சொன்னார்.
என் சொல்தான். அடுத்தவர் வாயில் கேட்டபோதுதான்
கனம் தெரிந்தது.
ஜன்னலோரம் கோகிலத்தின் தோள் அசைந்தது.
கீழே மிஷின் எப்போதோ நின்றிருந்தது.

டீசலில் தண்ணீர் கலந்தால்
முதலில் சாவது இன்ஜெக்டர்.
டேங்கைத் திறந்து பாருங்கள் என்று
எத்தனை ஓனரிடம் கத்தியிருக்கிறேன் நான்.

கெடிலம் பாலத்தில் ஒரே வண்டியில் நாலு பேர்.
உப்புக்காற்று. முன்னால் உட்கார்ந்த சின்னவள்
தூங்கிவிட்டாள், ஒரு கை ஹேண்டில்பார் மேல்.
"ஹெட்லைட் எரியல" என்றான் பின்னாலிருந்து.
தெரியும், என்றேன்.
முதுநகர் ரயில் கேட் தாண்டியதும்,
"நாளைக்குப் பாக்கலாம். நீ டார்ச் பிடி" என்றேன்.
பதில் வரவில்லை.

வீட்டில் நான் நின்றபடிதான் சாப்பிடுவது.
படகிலிருந்து போன் வந்தால் கிளம்ப வசதி.
இன்று செருப்பைக் கழற்றினேன், இரண்டையும்.
பாய் விரித்திருந்தது.
எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றேன்.
பையன் தலை நிமிரவில்லை.
ஒரு சாண் நகர்ந்தான்.

மீன் என்னவோ அவன் தட்டில் அப்படியேதான் இருந்தது.
அடுத்த வியாழன் நாலரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.