இடப்பக்கக் கோணம்

வினிபெக். ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
எனக்கு மணிக்கணக்கில் சம்பளம்.
பேசுகிறவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்லவேண்டும்.
கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது.
ஆகவே அன்று காலை
உணவகத்தின் பின்வாசலில் ஐஸில் வழுக்கித்
தாடையை உடைத்துக்கொண்டது
நான்தான்.

ஜெனிஸ்டனுக்கு இருபத்து மூன்று வயது. மணப்பாட்டுக்காரன்.
வீங்கிய உதடுகள் ஒட்டாததால் ம வரவில்லை.
"உதலாளிதான் கூட்டிட்டு வந்தார்" என்றான்.
அவர் வெளியே உட்கார்ந்திருந்தார்,
அவன் ஜாக்கெட்டை மடியில் மடித்துவைத்து.
எனக்கும் ஒரு காப்பி வாங்கியிருந்தார்.

டாக்டர் கோவல்சுக்
நாக்கை அழுத்திப் பார்க்கும் மரச்சில்லு ஒன்றைப் பாதி முறித்தார்.
பாருங்கள், கடிக்கும்போது தாடையின் மேல்விளிம்பு பிளக்கும்,
கீழ்விளிம்பு நெருங்கும்.
எங்கே பிளக்கப் பார்க்கிறதோ அங்கே தகடு.
ஒரு மில்லிமீட்டர் கனம், நான்கு திருகு, போதும்.
சுமப்பது தகடு அல்ல.
எலும்பும் எலும்பும் முட்டிக்கொண்டு சுமக்கும்,
விலகாமல் பிடித்துக்கொள்வது மட்டும் அதன் வேலை.
முன்பக்கம் வேறு. அங்கே தாடை
ஈரத்துணிபோல் முறுக்கிக்கொள்ளும்.
முறுக்குக்கு ஒரு தகடு ஈடுகொடுக்காது,
ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு.

சொன்னேன். துணி பிழிந்தும் காட்டிவிட்டேன்;
அது கூட்டல்தான்.

தகடுதான் எலும்புக்கு வளையவேண்டும், என்றார்.
படியாத தகட்டில் திருகை முடுக்கினால்
எலும்பு தகட்டுக்கு நகர்ந்துவிடும்.
மயிரிழைதான். ஆனால் பற்கள் கண்டுபிடித்துவிடும்.
ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் வளைத்த தகடு
பிறகொரு நாள் அங்கேதான் முறியும்.

அப்புறம் திரையில் படத்தைப் பெரிதாக்கினார்.
முகவாய் தரையில் மோதினால்
விசை இரண்டு பக்கமும் ஏறிக் காதருகே முறிக்கும்.
காதருகே இங்கே ஒன்றுமில்லை.
உடைந்தது இடப்பக்கக் கோணம்,
அதற்குக் குறுக்கே வலப்பக்கம், கோரைப்பல்லுக்குக் கீழே.
எதிரே நிற்பவரின் வலக்கை
பெரும்பாலும் இப்படித்தான் எழுதும்.
"இதையும் சொல்லுங்கள்."

சொன்னேன்.
வலக்கை என்ற சொல் மட்டும்
என் வாயில் கொஞ்சம் தாழ்ந்து வந்தது.

அவன் கதவைப் பார்த்தான்.
"ஐஸ்ல வழுக்கிட்டேன்."
நான் வழுக்கிவிட்டேன், என்றேன் ஆங்கிலத்தில்
இரண்டாம் முறை.
அவன் வேலை அனுமதியில்
ஒரே ஒரு முதலாளியின் பெயர் இருக்கும்.
யாரும் சொல்லாததை நான் மொழிபெயர்க்க முடியாது.
டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார், வெகுநேரம்.

ஆறாம் வாரம் பஸ்ஸில் தனியாக வந்தான்.
கஞ்சியிலும் மசித்த வாழைப்பழத்திலும்
ஏழு கிலோ இறங்கியிருந்தான்.
கீழுதட்டில் வலப்பக்கம் இன்னும் மரப்பு,
தேநீர் வழிவது சட்டையில் விழுந்தபிறகே தெரிகிறதாம்.
டாக்டர் புதுச் சில்லு ஒன்றைக் கடிக்கக் கொடுத்து இழுத்தார்.
வரவில்லை.
திருகிப் பார்த்தார்.
சில்லுதான் முறிந்தது.

கேள்வி ஏதாவது?

முறுக்கு எப்போது தின்னலாம் என்பான் என்று நினைத்தேன்,
நம்மவர்கள் அதைத்தான் கேட்பார்கள்.
அவன் உதடுகளைச் சேர்த்தான்.
"முதல்ல எடுத்த படம். அதுல ஒரு காப்பி வேணும்.
முதலாளிக்குத் தெரிய வேணாம்."
ஒவ்வொரு ம-வும் முழுதாக மூடித் திறந்தது.

எனக்கு அந்தப் படம் வேண்டும், என்றேன்
ஆங்கிலத்தில்,
தேவைக்குக் கொஞ்சம் அதிகமான
சத்தத்தில்.