ஜனவரியில் ஒரு டேபிள் ஃபேன்

தை பிறந்து மூன்றாம் நாள்,
கடை சாத்தும் நேரத்தில்
ஊட்டியில் டேபிள் ஃபேன் வாங்கியவள் நான்.
பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கித்
தூசி தட்டியபடி கேட்டார் கடைக்காரர்:
'யாருக்கும் காய்ச்சலா?'
ஆமாம் என்றேன்.

பதினொரு வயது கம்ப்யூட்டருக்கு.
எண்பத்தொன்பது டிகிரி.
நாலு கேமரா, ஒரு ட்ரோன், ஒரு படுகர் கல்யாணம்.
வெள்ளை முண்டு, வெள்ளைத் தலைப்பாகை,
பின்னால் வெள்ளை மூடுபனி.
எது ஆள் எது மேகம் என்று பிரிப்பதற்குள்
மூச்சு வாங்குகிறது அதற்கு.
பதினாறு மணி நேரம் மீதம் என்கிறது திரை.
என்னிடம் இருப்பது பதினொன்று.
காலை ஒன்பதுக்கு பஸ் ஸ்டாண்டில்
பென்டிரைவை வாங்கிக்கொண்டுதான்
பஹ்ரைனுக்குப் போவாளாம் பெண்.
அவள் அப்பா ஹாலன் மூன்று முறை பேசிவிட்டார்,
மூன்று முறையும் மரியாதையாக.
அதுதான் பயம்.

'வேற வாங்கிடு' என்கிறான் திருப்பூரிலிருந்து தம்பி.
வாங்கலாம்.
கேமராவின் தவணை முடியட்டும்.

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
ஹீட்சிங்கின் அடியில் காய்ந்த பசை,
ஈரச் சுவரில் உதிரும் பெயின்ட் மாதிரி.
சுரண்டித் துடைத்து
புதுப்பசை ஒரு துவரம்பருப்பளவு வைத்து
நாலு திருகையும் குறுக்குக் குறுக்காக முடுக்கினேன்.
பிறகு டெலிட் பொத்தானை விடாமல் அழுத்தி
வழக்கமாக யாரும் போகாத அறைக்குள் போனேன்.

முப்பத்துமூன்று என்றிருந்தது பெருக்கு எண்.
முப்பத்தெட்டு. ஏற்றுக்கொண்டது.
நாற்பது. யோசித்து ஏற்றுக்கொண்டது.
நாற்பத்திரண்டில்
திரை நீலமாகி, மன்னிப்புக் கேட்டு, அணைந்தது.
சரி, நாற்பத்தொன்று.
வோல்டேஜில் ஒரு சிட்டிகை கூடுதல்.
இதனோடு பேரம் பேசுவது சுலபம்.
முடியாததை முடியும் என்று சொல்லி
முன்பணம் வாங்குவதில்லை, என்னைப் போல.

ஜன்னலைத் திறந்தேன்.
காந்தலின் இரவு செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தது.
வெளியே ஒரு டிகிரி என்றது போன்.
நான் குரங்குக் குல்லா, இரண்டு ஸ்வெட்டர், கம்பளி.
அது அம்மணமாக, ஃபேன் காற்றில்,
அறுபத்தொன்றில், நிம்மதியாக.
குளிரைத் தேடி இந்த ஊருக்கு வருகிறவர்கள்
இரண்டாம் நாளே ஹீட்டர் கேட்கிறார்கள்.

நொடிக்கு ஏழு ஃப்ரேம் ஆடினார்கள் கல்யாணத்தில்.
பிறகு ஒன்பது. பிறகு பதினொன்று.
ஒரே கிழவர் மூன்று மணிவரை
கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார்.

ஏழரைக்குத் தொண்ணூற்றிரண்டு சதவீதம்.
கற்பூர மரங்களின் உச்சியில் வெயில்.
கீழே சருகைக் கொளுத்திக் கைநீட்டி
ஊரே அதற்காகக் காத்து நிற்கிறது.
இன்னும் அரை மணி நேரம் வராதே என்று
கேட்டுக்கொண்டவள் நான் ஒருத்தி.
வந்தது.
அறுபத்தெட்டு. எழுபத்தாறு. எண்பத்திரண்டு.

சாப்பாட்டுத் தட்டோடு ஓடினேன்.
ஸ்டான்லி அண்ணன் ஆட்டோவின் மேல்,
முள்ளங்கிப் பாத்தியின் நிழல் பக்கத்தில்,
மிச்சமிருந்த உறைபனியை
ஸ்பூனால் சுரண்டினேன்.
'செலின், என்ன பண்றே?'
'அள்றேன்ணா.'

ஃபேனுக்குப் பின்னால் வைத்தேன் தட்டை.
நாலு டிகிரி குறைந்தது,
அல்லது குறைந்ததாக நினைத்தேன்.
யாரும் சரிபார்க்கப் போவதில்லை.

எட்டு பத்தொன்பது.

பஸ் ஸ்டாண்டில் ஹாலன் என் கையைப் பிடித்துக் குலுக்கி
'ஐயோ, ஐஸ்' என்றார்.
பென்டிரைவை வாங்கினார்.
'இது மட்டும் சூடா இருக்கே' என்று
மகளின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது,
ஜன்னலைச் சாத்தவில்லை.
எண்ணையும் இறக்கவில்லை, நாற்பத்தொன்றிலிருந்து.