கழிவு

முக்கூடல் பேருந்தில் முதல்முறை போனபோது
பையில் நூற்றிருபது வினாத்தாள்,
துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம்,
தண்ணீர் பாட்டில்.

கேள்வி முப்பத்தொன்று:
யாருக்கு வாக்களிப்பது என்பதை
உங்கள் வீட்டில் முடிவு செய்பவர் யார்?

தங்கபுஷ்பத்தின் விரல்கள் அதுவரை நிற்கவில்லை.
இலை, தூள், ஒரு சுருட்டு, நூல்.
முப்பத்தொன்றில் நின்றன.
பிறகு, "நாந்தான்" என்றாள்.
நாந்தான் என்பதற்குக் குறியீடு 1.
விரல் நின்றதற்குக் கட்டம் இல்லை.

கருவேலங்குறிச்சியில் எழுபது வீடு முடித்தேன்.
எழுபதும் 1.
"இதை வைத்து ஒரு பத்திகூட தேறாது" என்றார் நெறியாளர்.
சரிதான்.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய வீட்டில்
செய்யதலி பாத்திமா ஒரு கட்டுச் சிட்டையை எடுத்து வைத்தாள்.
பீடிக்கடையில் வாராவாரம் தரும் துண்டுத்தாள்:
கொண்டுபோனது இவ்வளவு, எடுத்தது இவ்வளவு,
கழிவு இவ்வளவு.
எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.
"கணக்குன்னா தூரப் போட மனசு வராது, டீச்சர்."

தேடினால் எல்லா வீட்டிலும் இருந்தது.
வேதப்புத்தகத்தில், யோசுவாவுக்கும் நியாயாதிபதிகளுக்கும் நடுவே.
ரொட்டி டப்பாவில். சாமி படத்துக்குப் பின்னால்.
எண்ணெய்க் கறை, எலி கடித்த மூலை.
நூற்றிப் பன்னிரண்டு பேர், ஆறு வருசம்.
அபிஷேகப்பட்டி விடுதியில்
தும்மிக்கொண்டே கணினியில் ஏற்றினேன்.

ஆயிரத்துக்கு நாற்பத்துமூன்று.
நாற்பத்தொன்று. நாற்பத்தாறு.
ஒரு புரட்டாசியில் ஒன்பது.
மறுமாதம் அறுபத்தெட்டு.

என் பிழை என்று நினைத்து
சிட்டைகளை மறுபடி பிரித்தேன்.
ஒன்பதுதான்.
அந்தப் புரட்டாசியில்
பீடிக்கடை தளவாயின் தம்பி
பூட்டுசாவி சின்னத்தில் நின்றிருந்தார்.

கருத்தரங்கில் ஒருவர் எழுந்தார்:
"ஒரே கடை, ஒரே தேர்தல். இலையின் ஈரமாகக்கூட இருக்கலாமே?"
இருக்கலாம்.
பக்கத்து ஊர்களில் மூன்று கடை பார்த்தேன்.
கடைக்காரர் வீட்டில் யாரும் நிற்காத ஊர்கள்.
அங்கே புரட்டாசி மற்ற மாதம் போலவே இருந்தது.
மழை நாலு ஊருக்கும் ஒன்றுதான்.

திரும்பிப் போய்ச் சங்கக் கட்டிடத் தரையில்
வரைபடத்தை விரித்தேன்.
கோடு நடந்து வந்து ஒரு குழியில் விழுந்து
மலை ஏறியது.

"இந்த மாசம் எனக்கு நல்லா ஞாவகம் இருக்கு" என்றாள் பொன்னுத்தாய்.
"கை அப்படி ஓடுச்சு. மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்துனேன்."
"எனக்கும்தான் ஓடுச்சு."
"ஏளா, ஒனக்குமா?"

ஒவ்வொருத்தியும் ஆறு வருசம்
தன் கையைத்தான் திட்டியிருக்கிறாள்,
அந்த ஒரு மாதம் தவிர.
இவ்வளவு நெருக்கத்தில் சுளகு போட்டு உட்கார்ந்தும்
கழிவை மட்டும்
யாரும் யாரிடமும் சொன்னதில்லை.
வெட்கம்.

தங்கபுஷ்பம் குழியின்மேல் விரல் வைத்தாள்.
"அப்போ எங்கை எப்பமும் நல்லாத்தான் இருந்திருக்கு."

அந்த வரியை ஆய்வேட்டில் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
முடிவுரையில் வைத்தேன், எடுத்தேன்.
அடிக்குறிப்பில் வைத்தேன்.
நெறியாளர் பென்சிலால் சுழித்து
"சான்று?" என்று எழுதியிருந்தார்.
கேள்வி முப்பத்தொன்றை நானே அடித்துவிட்டேன்.

"எம்பேரு வருமா?" என்று கேட்டிருந்தாள்.
வராது, நீங்கள் நாற்பத்தேழு என்றேன்.

நேற்று இரவு போன்.
"டீச்சர், நாப்பத்தேழு பேசுதேன்.
கடையில இப்பம் சிட்டை தாறதில்ல.
வாயாலதான் சொல்லுதாவ."

எனக்குப் பேச்சு வரவில்லை.
பின்னால் கத்திரி இலை வெட்டும் சத்தம்.

"நாங்க காலண்டர்ல குறிக்கோம், எல்லாரும்.
இந்த வாரம் அம்பத்திரண்டு.
எழுதிக்கிடுங்க."